ஹெச்-1பி முடியும்போது எந்தத் தேதியைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவில் ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரிடம் "விசா எப்போது முடியுது?" என்று கேளுங்கள். பாஸ்போர்ட்டைப் புரட்டி, தூதரகம் ஒட்டிக் கொடுத்த ஸ்டாம்பிங்கில் உள்ள தேதியைச் சொல்வார். குழப்பம் அங்கேதான் ஆரம்பம். அது நாட்டுக்குள் நுழைவதற்கான தேதி. ஸ்டாம்பிங் முடிந்த பிறகும் சட்டப்படி தங்கி வேலை பார்ப்பவர்கள் ஏராளம். எதுவரை தங்கலாம் என்று சொல்வது ஐ-94 என்ற வருகைப் பதிவு.

அந்தத் தேதி ஸ்டாம்பிங்குக்குப் பின்னால்தான் வரும் என்றும் இல்லை. நானே மாட்டினேன். ஊருக்குப் போய்த் திரும்பியபோது கையில் மூன்று வருட ஹெச்-1பி அப்ரூவல் இருந்தது. பாஸ்போர்ட் முடியப் பதினான்கு மாதம் இருந்தது. விமான நிலைய அதிகாரி ஐ-94ஐ பாஸ்போர்ட் முடியும் நாளோடு நிறுத்திவிட்டார். நான் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். புது பாஸ்போர்ட் வந்தால் ஐ-94 தானாக நீளாது. கெடு முடிவதற்குள் கம்பெனி மூலம் எக்ஸ்டென்ஷன் மனு போட வேண்டும், அல்லது வெளிநாடு போய்ப் புது பாஸ்போர்ட்டோடு திரும்ப வேண்டும். எனக்கு இது உறைத்தபோது மிச்சம் மூன்று வாரம். எக்ஸ்டென்ஷனுக்கு முன் தொழிலாளர் துறையிடம் கம்பெனி வாங்க வேண்டிய எல்சிஏ என்ற சான்றுக்கே ஏழு வேலை நாள் போய்விடும். ஹெச்.ஆரைத் துரத்தித் துரத்திக் கடைசி வாரத்தில் போட வைத்தேன்.

கெடுவுக்குள் போட்டுவிட்டால், முடிவு வராவிட்டாலும் அதே கம்பெனியில் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம். ஒரு நாள் தாண்டிப் போட்டால் அந்தச் சலுகை கிடையாது.

அப்ரூவலோடு வரும் 797ஏ தாளின் அடியிலும் ஒரு ஐ-94 இருக்கும். அதை வாங்கிய பிறகு வெளிநாடு போய் வந்தால், செல்லுபடியாவது நுழையும்போது கொடுத்த புதியதுதான். பழைய தாளை ஃபைலில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஏமாறுபவர்கள் உண்டு.

வேலை போனால் 60 நாள் அவகாசம் இருக்கிறது என்பார்கள். 2017இல் வந்த விதி அது. ஆனால் ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால், அந்த நாளோடு சரி. செவரன்ஸ் பணம் நான்கு மாதத்துக்கு வந்தாலும் நான்கு மாதம் வேலையில் இருந்ததாகக் கணக்கில்லை. 55ஆம் நாள் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டதென்று துள்ளாதீர்கள்; 60 நாளுக்குள் புதுக் கம்பெனியின் டிரான்ஸ்பர் மனுவே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அதற்கும் எல்சிஏ வேண்டும். வேலை அமையாவிட்டால் அதே கெடுவுக்குள் ஐ-539 படிவம் போட்டு, சுற்றுலா வருபவர்களுக்கான பி-2வுக்கு மாறக் கேட்கலாம். அது நிலுவையில் இருக்கும்போது ஊருக்குக் கிளம்பினால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

ஐ-94 தேதி தாண்டி 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு வெளியேறினால் மூன்று வருடம் திரும்ப முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் பத்து வருடம்.

அப்புறம், வீட்டில் இருப்பவர்கள். கம்பெனி போடும் எக்ஸ்டென்ஷன் வேலை பார்ப்பவருக்கு மட்டும்தான். குடும்பத்தினருக்கான ஹெச்-4இல் இருக்கும் மனைவி அல்லது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக ஐ-539 போட வேண்டும். ஒருவருக்கு மூன்று வருடம் நீண்டிருக்கும், கைக்குழந்தையின் ஐ-94 போன மாதமே முடிந்திருக்கும். வெளிநாடு போய்த் திரும்பிய அன்று இரவே, பெட்டியைப் பிரிக்கும் முன், அமெரிக்க எல்லைத் துறையான சிபிபியின் தளத்தில் ஒவ்வொருவரின் ஐ-94ஐயும் தனித்தனியாக இறக்கிப் பாருங்கள்.