அல்கோன்குவின் பூங்காவில் முதல் கேனோ பயணம்

கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் அல்கோன்குவின் பூங்காவில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் கேனோ (துடுப்பு போட்டுச் செல்லும் குறுகிய, இலேசான படகு) வழிகள் உண்டு, ஆனால் முதல்முறை போகிறவர்கள் தூரத்துக்கு ஆசைப்படாமல் இரண்டு இரவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்காட்டில் தங்க முன்பதிவு கட்டாயம்.

வரைபடத்தில் ஏரிகளை விட போர்ட்டேஜ்களைத்தான் முதலில் பாருங்கள், அதாவது ஓர் ஏரியிலிருந்து அடுத்ததற்குப் படகையும் மூட்டையையும் தோளில் சுமந்து நடக்கும் பாதை. எல்லாவற்றையும் ஒரே நடையில் தூக்க முடியாவிட்டால் 2 கிலோமீட்டர் பாதை 6 கிலோமீட்டராகிவிடும், ஏனென்றால் போய், வெறுங்கையோடு திரும்பி, மறுபடி சுமந்து போக வேண்டும். அதனால் கொஞ்சம் வாடகை கூடினாலும் கெவ்லார் என்ற இலேசான, வலுவான இழையில் செய்த படகையே எடுங்கள், 20 கிலோ அளவில்தான் இருக்கும், கழுத்து உங்களை வாழ்த்தும்.

பெரிய ஏரிகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். மதியம் காற்று ஏறினால் அலை படகின் விளிம்பைத் தொடும். அப்போது நடுவே போகாமல் கரையை ஒட்டியே துடுப்பு போடுங்கள். உயிர்காப்புச் சட்டையை மூட்டையில் கட்டி வைக்காதீர்கள், தண்ணீரில் விழுந்த பிறகு அதைப் போடுவது நடக்காத காரியம்.

சாப்பாட்டில் டின், பாட்டில் கூடாது, உள்காட்டில் தடை. இரவில் உணவு, பற்பசை, சோப்பு எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, கூடாரத்திலிருந்து தள்ளி, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்தும் விலகி நிற்கும்படி கிளையில் தொங்கவிடுங்கள், கரடிகள் நன்றாக மரம் ஏறும். அப்புறம், கயிற்றை வெளிச்சம் இருக்கும்போதே போட்டு வையுங்கள்.