சீமைக்கருவேல விறகுல நல்ல பயோசார் எடுக்கறது எப்படி

பயோசார்னா மண்ணுல போடறதுக்குனு காத்து அதிகம் படாம வேக வச்சு எடுக்கற கரி. விறக அடுக்கி மண்ணால மூடி வேக வைக்கற மூட்டக்கரிய அப்படியே நுணுக்கி வயல்ல போட்டா அதுவே பயோசார்தானேனு நிறைய பேரு கேக்கறாங்க. கரி கரிதான், ஆனா ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் மூட்டத்துல வேகற கரி அடுப்புக்குனு செய்யறது, சுமார் 400 டிகிரியில மெதுவா வெந்து வரும், அதுல கொஞ்சம் தார் பசை மிச்சம் இருந்தா அடுப்புக்கு பரவாயில்ல, சீக்கிரம் பத்திக்கும். மண்ணுக்கு போறதுக்கு அந்த தார் இருக்கவே கூடாது, கரிக்குள்ள இருக்கற நுண்ணிய துளை எல்லாம் திறந்திருக்கணும், அதுக்கு 600லருந்து 700 டிகிரி வரைக்கும் சூடு வேணும். இந்த சூட்ட ட்ரம்மு, மெஷினு எதுவும் இல்லாம ஒரு குழியிலயே கொண்டு வரலாம்.

சுவிட்சர்லாந்துல இத்தாக்கா இன்ஸ்டிடியூட்காரங்க 2014 வாக்குல கோன்-டிக்கினு ஒரு இரும்புக் கூம்பு அடுப்ப கொண்டு வந்தாங்க, அதே வடிவத்த மண்ணுல தோண்டினாலே போதும். மேல 5 அடி அகலம், ஆழம் 3 அடி, அடியில ரெண்டு ரெண்டரை அடி, பக்கமெல்லாம் சரிவா இருக்கணும். மேல எரியற தீ காத்துல இருக்கற ஆக்சிஜன எல்லாம் தானே எடுத்துக்கும், கீழ உள்ள கட்டைக்கு காத்து போகாது, அதனால அது சாம்பலாகாம கரியாகும். கீழருந்து கிளம்பற புகையும் அந்த தீயிலயே எரிஞ்சு போயிடும், அதனாலதான் சரியா ஓடற குழியில புகையே வராது.

இனி முக்கியமான விஷயம், விறகோட ஈரம். தரம் பாதி இங்கயே முடிவாயிடும்னு நான் சொல்லுவேன். பச்சை கட்டையில நிறைய தண்ணி இருக்கும், அத போட்டா தீயோட சூடெல்லாம் தண்ணிய ஆவியாக்கவே போயிடும், குழி சூடே ஏறாது, ஒரே புகை. ஈரம் 15 சதவீதம், அதிகபட்சம் 20க்குள்ள இருக்கணும். வெட்டி, பிளந்து, தரையில படாம அடுக்கி கோடையில ரெண்டு மூணு மாசம் காய விடுங்க. ஈரம் அளக்கற மீட்டர் இல்லையா, நாலஞ்சு கட்டைய எடை போட்டு குறிச்சு வச்சு வாராவாரம் பாருங்க, எடை குறையறது நின்னா காஞ்சிடுச்சு. ரெண்டு கட்டைய ஒண்ணோட ஒண்ணு தட்டினா டங்குனு கேக்கணும், டொப்புனு கேட்டா இன்னும் வெயில் வேணும்.

பருமன் கட்டைவிரல்லருந்து மணிக்கட்டு வரைக்கும் இருந்தா நல்லது, அதுக்கு மேல பெருசா இருந்தா நடுவுல வேகாது, தூர்க்கட்டைய பிளக்காம போடவே போடாதீங்க. பெயிண்ட் அடிச்ச பலகை, ப்ளைவுட், மருந்தடிச்ச மரம் எதுவும் குழிக்குள்ள போகக்கூடாது, அந்த விஷம் நேரா மண்ணுக்கு போகும். வெட்டும்போது கனமான கையுறையும் செருப்புக்கு பதிலா பூட்ஸும் கண்டிப்பா போடுங்க, கருவ முள்ளு குத்தினா சீழ் வைக்கும். கண்மாய், பொறம்போக்கு மரம்னா முதல்ல அனுமதி வாங்கிக்கோங்க.

காத்து அடிக்காத நாளா பாத்து, குழிக்கு நடுவுல குச்சிய சதுரமா கோபுரம் மாதிரி அடுக்கி பனை ஓலைய வச்சு மேலருந்து பத்த வைங்க. கீழருந்து வைக்கக் கூடாது, அப்ப புகை தீ வழியா போகாம வெளிய வந்துடும். கோபுரம் எரிஞ்சு கங்காகி விழுந்ததும் பரப்பி விட்டு முதல் அடுக்கு போடுங்க. அப்புறம் எப்ப அடுத்த அடுக்கு போடறதுங்கறதுதான் முழு வித்தையும்: மேல இருக்கற கட்டையில லேசா வெள்ளை சாம்பல் படலம் பூக்க ஆரம்பிச்ச உடனே போடணும். அதுக்கு முன்னாடி போட்டா தீ அமுங்கி புகை வரும், விட்டுட்டு டீ குடிக்க போனா கரி எல்லாம் சாம்பலாகும். போட்டதும் புகை வந்துச்சுனா நிறைய போட்டுட்டீங்க இல்ல கட்டை ஈரம், கொஞ்சம் பொறுத்து அடுத்த தடவ கம்மியா போடுங்க. பெரிய கட்டைய நடு அடுக்குகள்ல போட்டு கடைசிக்கு சின்ன குச்சிய வச்சுக்கோங்க, கடைசியா போடறதுக்கு வேக நேரம் இருக்காது. குழி நிறைய ரெண்டுலருந்து நாலு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் ஒரு ஆள் பக்கத்துலயே நிக்கணும்.

அணைக்கறதுக்கு குறைஞ்சது 500 லிட்டர் தண்ணி பக்கத்துல ரெடியா இருக்கட்டும். தோண்டும்போதே ஒரு ஜிஐ பைப்ப அடி வரைக்கும் இறக்கி வச்சிருந்தா தண்ணிய கீழருந்து விடலாம், ஆவி மேல வரும்போது கரியோட துளைய இன்னும் திறந்து விடும். தண்ணி பஞ்சமான ஊர்னா ஈர மண்ணால ஒரு சந்து விடாம மூடி ரெண்டு நாள் விடுங்க. அள்ளினதும் உடனே மூட்டையில கட்டாதீங்க, உள்ள ஒரு கங்கு இருந்தாலும் மறுபடி பத்திக்கும், பரப்பி வச்சு ஒரு நாள் கவனிங்க.

நல்லா வெந்த கரி உடைச்சா கண்ணாடி மாதிரி சத்தம் குடுக்கும், கையில ஒட்டின கருப்பு வெறும் தண்ணியிலயே போயிடும். சோப்பு போட்டும் பிசுபிசுனு இருந்தா தார் இருக்கு. 100 கிலோ காஞ்ச விறகுக்கு 15லருந்து 22 கிலோ வரைக்கும் கிடைக்கும், இதுக்கு மேல எடை வந்தா சந்தோஷப்படாதீங்க, பெரும்பாலும் வேகாத கட்டைதான் அது.

ஈரமா இருக்கும்போதே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உடைச்சுக்கோங்க, காஞ்சு உடைச்சா தூசி நெஞ்சுக்குள்ள போகும். வெறும் கரிய மண்ணுல போட்டா பயிருக்கு போக வேண்டிய தழைச்சத்த அது முதல்ல பிடிச்சு வச்சுக்கும், அதனால சாணிக் கரைசல்லயும் கோமியத்துலயும் ரெண்டு வாரம் ஊற வச்சோ, தொழு உரத்துல பத்துல ஒரு பங்கு கலந்து மட்க விட்டோ போடுங்க. இந்த கரியோட பிஎச் 9, 10னு இருக்கும், புளிப்பு மண்ணுக்கும் மணல் கலந்த செம்மண்ணுக்கும் நல்லா ஒத்துக்கும். ஏற்கனவே பிஎச் 8 தாண்டின கரிசல்லயும் உவர் நிலத்துலயும் அள்ளிக் கொட்டாதீங்க, அங்க மரத்துக்கு மரம் குழியில உரத்தோட கொஞ்சமா போட்டா போதும்.