64 ஜிபி வாங்கினால் 59 ஜிபி காட்டுவது ஏன்? சேமிப்பு அளவுகளுக்கு ஒரு எளிய கணக்கு

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்தக் கடையில் 64 ஜிபி பென்டிரைவ் வாங்கினாலும் சரி, விண்டோஸ் கணினியில் செருகினால் 60 ஜிபிகூடத் தேறாது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

படி 1: பிட்டும் பைட்டும்

பிட் என்பது ஒரு 0 அல்லது ஒரு 1. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழுக்குப் போதாது. இப்போது பரவலாக இருக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். 'நாகர்கோவில்' நம் கண்ணுக்கு 6 எழுத்துதான். கணினிக்கோ ந, துணைக்கால், க, ர, புள்ளி என்று தனித்தனியாக 11 குறியீடு. 11 × 3 = 33 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் அதே ஊர் 9 பைட்டில் அடங்கிவிடும்.

நம்பிக்கை இல்லையென்றால் நோட்பேடில் ஊர்ப் பெயரை மட்டும் அடித்து, என்டர் தட்டாமல், யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் 'சைஸ்' பாருங்கள். அதற்குக் கீழே இருக்கும் 'சைஸ் ஆன் டிஸ்க்' வேறு கணக்கு, அதை விட்டுவிடுங்கள்.

படி 2: மேலே ஏற வகுத்தல், கீழே இறங்கப் பெருக்கல்

1000 பைட் 1 கேபி, 1000 கேபி 1 எம்பி, 1000 எம்பி 1 ஜிபி, 1000 ஜிபி 1 டிபி. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 50 கேபிக்குள் படம் கேட்கிறார்கள், போனில் எடுத்த படம் 3 எம்பி என்று வையுங்கள். 3 × 1000 = 3000 கேபி. கேட்டதைவிட 60 மடங்கு. இணையதளம் திருப்பி அனுப்பாமல் என்ன செய்யும்?

படி 3: 1000ஆ, 1024ஆ?

குழப்பமெல்லாம் இங்கேதான். கணினிக்கு இரண்டின் அடுக்குகள் (2, 4, 8, 16...) வசதி. பத்து 2-களை ஒன்றோடொன்று பெருக்கினால் 1024. அதனால் 1024 பைட்டையும் கேபி என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். இந்த 1024 கணக்குக்கு 1998-ல் கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர்களே வந்தன. விண்டோஸ் அவற்றைச் சட்டை செய்யவில்லை. 1024-ஆல் வகுத்துவிட்டு ஜிபி என்றே போடுகிறது. ஆப்பிள் மேக் 2009 முதல் 1000 கணக்குக்கு மாறிவிட்டது.

பென்டிரைவ் தயாரிப்பவர் சொல்லும் 64 ஜிபி என்பது 6,400 கோடி பைட். அதை 1024-ஆல் மூன்று முறை வகுங்கள்: 59.6. ஃபார்மட் செய்யும்போது இன்னும் கொஞ்சம் போகும். குறுக்குவழி வேண்டுமா? ஜிபியை 0.931-ஆல் பெருக்குங்கள். 512 ஜிபி சுமார் 477 ஆகும். 1 டிபி என்றால் 931 ஜிபி.

படி 4: வேகம் என்றால் 8-ஆல் வகுக்கவும்

இணைய வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். ஆங்கிலச் சின்ன 'பி' பிட், பெரிய 'பி' பைட். வீட்டில் 100 மெகாபிட் இணைப்பு என்றால் நொடிக்கு 12.5 எம்பி. 5 ஜிபி படம் இறங்க 5000 ÷ 12.5 = 400 நொடி. இது முழு வேகம் கிடைத்தால் மட்டும்.

படி 5: எல்லாவற்றையும் சேர்த்து

சித்ரா பௌர்ணமி மாலை கன்னியாகுமரியில் சூரியன் இறங்குவதையும் நிலா ஏறுவதையும் நிறுத்தாமல் வீடியோ எடுக்கப் போகிறீர்கள். கேமரா நொடிக்கு 48 மெகாபிட் பதிகிறது. 48 ÷ 8 = 6 எம்பி. நிமிடத்துக்கு 360 எம்பி, மணிக்கு 21.6 ஜிபி. 64 ஜிபி கார்டில் 3 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். இங்கே 59.6-ஐக் கொண்டுவந்து வகுக்காதீர்கள். இரண்டு பக்கமும் 1000 கணக்கிலேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. இடம் தாராளமாக இருந்தும் பெரிய வீடியோ பென்டிரைவில் ஏற மறுத்தால், அது ஃபேட்32 என்ற ஃபார்மட் முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்யுங்கள், ஏறிவிடும்.