மிட்ஜ் பிடிக்கப் போறீங்களா? என்ர பழைய பிழைகள நீங்களும் செய்யாதீங்க

போன கிழமை கொழும்புக்குக் கிட்ட அத்திடிய சதுப்புப் பக்கம் போனன். மிட்ஜ், அதுதான் இரத்தம் குடிக்கிற குட்டிப் பூச்சி, பிடிக்க ரெண்டு கேம்பஸ் பிள்ளைகள் லயிட் ட்ராப் (வெளிச்சத்துக்கு வாறத ஃபேன் உறிஞ்சிக் கீழ தள்ளுற பொறி) ஒண்டக் கட்டிக்கொண்டு நிண்டாங்க, ஃபேன் நல்லா சுத்துது, கீழ இருக்கிற பைய தொட்டுப் பார்த்தா சாதாரண நுளம்பு வலைத் துணி. சிரிப்பும் வந்திச்சு, வயித்தெரிச்சலும் வந்திச்சு, ஏனெண்டா பல வருஷத்துக்கு முந்தி நானும் இதே துணியத்தான் தைச்சன். பேட்டரி சார்ஜ் பண்ண மறக்கிறது, மழைக்கு மூடாம விடுறது இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல, ஒரு இரவு நனைஞ்சா தானா விளங்கும்.

வலைக் கண்

க்யூலிகாய்டிஸ் எண்ட கூட்டத்து மிட்ஜ் ஒண்டு நீளத்தில 1 மில்லிமீற்றர் தொடக்கம் 3 மில்லிமீற்றர் வரைக்கும்தான். நுளம்பு வலைக்குள்ளால கதவத் திறந்து விட்ட மாதிரிப் போய்டும். பைய விடுங்க, ஒரு போத்தல்ல தண்ணி விட்டு பாத்திரம் கழுவுற சோப் ரெண்டு சொட்டு போட்டா விழுறது மிதக்காம அமிழும். மேல வாயில மட்டும் பெரிய கண் வலை ஒண்டு கட்டுங்க, இல்லாட்டி அந்துப்பூச்சியும் வண்டும் உள்ள விழுந்து எல்லாத்தையும் அரைச்சு வச்சிடும்.

“சாண்ட் ஃப்ளை” எண்டு எழுதுறது

வெளிநாட்டில கடற்கரைப் பக்கத்து ஆக்கள் மிட்ஜையும் சாண்ட் ஃப்ளை எண்டுதான் சொல்லுவாங்க, அதப் படிச்சிட்டு இங்க வந்து எழுதினா பெரிய குழப்பம். எங்கட நாட்டில தோல் லீஷ்மேனியா (தோல்ல புண் வாற நோய்) பரப்புறது உண்மையான மணல் ஈ, அது வேற குடும்பம், உடம்பெல்லாம் மயிர், இருக்கேக்க செட்டைய V மாதிரி தூக்கி வச்சிருக்கும். மிட்ஜ் செட்டைய முதுகுக்கு மேல ஒண்டுக்கு மேல ஒண்டா மடிச்சு வைக்கும், க்யூலிகாய்டிஸ் எண்டா கூடுதலானதுகளுக்கு செட்டைல புள்ளி இருக்கும்.

ஒரே ட்ராப், ஒரே மாட்டுக் கொட்டில்

இதுதான் எனக்கு இண்டைக்கும் ஆறாத விசயம். பெல்லன்வில பக்கம் ஒரு மாட்டுக்கார அண்ணன்ட கொட்டில்ல ஆறு மாசம் ட்ராப் போட்டன், மாடு இருக்கிற இடம், பக்கத்தில சேறு, பிளக் போட கரண்டும் இருக்கு, இத விட வசதியான இடம் எங்க கிடைக்கும்? காலைல போத்தலத் தூக்கினா அடில மிளகுத்தூள் கொட்டின மாதிரி இருக்கும். எண்ணி எண்ணிக் கழுத்து பிடிச்சுப் போச்சு. மாட்டக் கடிக்கிற ஆக்ஸிஸ்டோமா, பெரெக்ரினஸ் எண்ட ரெண்டு க்யூலிகாய்டிஸ் வகையும் குவியல் குவியலா வந்திச்சு, நானும் பெரிய ஆள் மாதிரி ரிப்போர்ட்ல ஒரு வசனம் எழுதினன்: “கோழியக் கடிக்கிற வகை இந்தப் பகுதியில இல்லை.”

அந்த வீட்டு அக்கா அதுக்கு முந்தியே சொன்னவ. “தம்பி, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு கோழியெல்லாம் தலைய உதறிக்கொண்டே நிக்குது, கொண்டைல சின்னச் சின்னக் கறுப்பா என்னமோ ஒட்டியிருக்கு, வந்து பாருங்களன்.” நான் என்ன சொன்னன்? “அது நுளம்புதான் அக்கா.” கோழிக்கூடு வீட்டுக்குப் பின்னால, கொட்டில்ல இருந்து நூறு அடிக்குக் கொஞ்சம் கூட. லயிட் ட்ராப் இழுக்கிற தூரம் சும்மா சில பத்து மீற்றர்தான், மாட்டுக்குப் பக்கத்தில வச்சா மாட்டத் தேடி வாறதுதான் கூடுதலா விழும், இத அப்ப எனக்கு ஆரும் சொல்லவுமில்ல நான் யோசிக்கவுமில்ல.

ரிப்போர்ட் குடுத்து மாசக் கணக்கான பிறகு அக்காட மனசு நோகக் கூடாதெண்டு ரெண்டு இரவு கோழிக்கூட்டுப் பக்கம் மாட்டினன், சோப் தண்ணி இல்லாம உலர்ந்த கப்போட. விடிய இரத்தம் குடிச்ச பெண் ஒண்டு கிடைச்சிச்சு, ஸ்பிரிட்ல போட முந்தி வயித்த ஸ்லைட்ல நசுக்கி ஜீம்சா சாயம் போட்டுப் பார்த்தன். சிவப்பணு எல்லாம் முட்டை வடிவம், ஒவ்வொண்டுக்குள்ளயும் கரு. மாட்டுச் சிவப்பணுவில கரு இருக்காது. பறவை. அந்தச் செட்டைப் புள்ளி கொட்டில்ல எடுத்த ஒரு ஸ்லைட்லயும் இல்ல. இதில கடுப்பு என்னெண்டா, அதுக்கிடையில வேற ஒராள் என்ர வசனத்த அப்படியே எடுத்து ஒரு மேப்ல அந்த வகை இல்லாத இடம் எண்டு அந்த இடத்த வெள்ளையா விட்டிருந்தார். அழிக்க ஏலாது.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்தும் இல்ல. ஐரோப்பாவில செம்மறிகள்ல நேர பிடிச்சுப் பார்த்தப்ப கியோப்டெரஸ் எண்ட க்யூலிகாய்டிஸ் வகை ஏராளமா இருந்திச்சு, பக்கத்தில எரிஞ்ச ட்ராப்ல அது பேருக்குத்தான். 2006ல நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் புளூடங் (செம்மறி, மாட்டுக்கு மிட்ஜ் பரப்புற வைரஸ் நோய்) வந்தப்பயும் அப்படித்தான், அதப் பரப்புறதில பேர்போன இமிகோலா எண்ட வகை அங்க இல்லவே இல்ல, பரப்பினது அந்த ஊர்லயே எப்பவும் இருந்த ஒப்சொலேடஸ் எண்ட வகைக் கூட்டம். பகல்ல கடிக்கிற லெப்டோகொனொப்ஸ் மாதிரி ஆக்கள் இரவு லயிட்டுக்கு எங்க வரப் போறாங்க? நீர்கொழும்புக் கண்டல் காட்டில வேற ஆக்கள், அழுகின வாழைத்தண்டில வேற ஆக்கள். அதனால மாடு, கோழி, மரத்துக்கு மேல, ஒண்டுமே இல்லாத இடம் எண்டு குறைஞ்சது நாலு இடமாவது மாத்திப் போடுங்க, சேற்றையும் அள்ளிக் கொண்டு வந்து டப்பால வச்சு என்ன வெளில வருது எண்டு பாருங்க. ட்ராப்ல விழேல்ல எண்டா “ட்ராப்ல விழேல்ல” எண்டு மட்டும் எழுதுங்க.

காத்து

செக்கனுக்கு 3 மீற்றருக்கு மேல அடிச்சா அனேகமா பறக்காது. அண்டைக்குப் பூச்சியம் வந்தா காத்தையும் சேத்து எழுதுங்க, முழு நிலவெண்டா அதையும்.

ஆண் பூச்சிகள வீசுறது

வீசாதீங்க. சில நேரம் அதுகள வச்சுத்தான் இனம் பிரிக்கவே ஏலும்.

லேபல்

பென்சில். போத்தலுக்கு உள்ள.

செட்டைய உடம்போட அவிக்கிறது

பொட்டாஷ்ல (பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்) போட்டு உடம்பத் தெளிய வைக்க முந்தி ஒரு செட்டையக் கழட்டி தனிய வையுங்க. நுளம்புச் செட்டைல நிறம் செதில்ல இருக்கு, மிட்ஜுக்கு அந்த மெல்லிய தோல்லயே இருக்கு, பொட்டாஷ்ல கிடந்தா மங்கிப் போய்டும். எங்கட ஆக்கள் இனம் பிரிக்க முதல்ல பார்க்கிறது அந்தப் புள்ளியத்தான். அத்திடிய பிள்ளைகளுக்கு நான் ஒரு பழைய செட்டை ஸ்லைட்டக் குடுத்திட்டு வந்தன், அந்தக் கோழிக்கூட்டு ஸ்லைட்தான், திருப்பித் தாங்கோ எண்டு ரெண்டு தரம் சொல்லியிருக்கிறன்.