கோட்பாட்டைக் கடைசியில் கொண்டுவந்து ஒட்டாதீர்கள்

சமீபத்தில், அமைப்புகள் எப்படி இயங்குகின்றன என்று விளக்கும் கோட்பாடுகளை வைத்து எழுதிய இரண்டு ஆய்வு வரைவுகளைப் படிக்க வேண்டி வந்தது. இரண்டிலும் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது செய்த அதே கோளாறு, கிட்டத்தட்ட அதே அத்தியாயத்தில். மேற்கோள் முறை, எழுத்துப் பிழை, பழைய கட்டுரைகளை விட்டுவிடுவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை, அவற்றை உங்கள் நெறியாளரே சிவப்பு மையில் சுழித்துவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்பக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

நிறுவனம் என்ற ஒரே சொல்லில் இரண்டை அடைப்பது

இது தமிழில் எழுதுபவர்களுக்கென்றே வெட்டிவைத்த குழி. ஆர்கனைசேஷனும் நிறுவனம், இன்ஸ்டிடியூஷனும் நிறுவனம். “நிறுவனங்கள் நிறுவனங்களை வடிவமைக்கின்றன” என்ற வாக்கியம் என் முதல் வரைவிலேயே இருந்தது, எழுதிய எனக்கே அடுத்த வாரம் புரியவில்லை. ஒரு மருத்துவமனை என்பது அமைப்பு. பட்டம் இல்லாதவர் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று எல்லோரும் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோமே, அது இன்ஸ்டிடியூஷன். இப்போதெல்லாம் முதலாவதை அமைப்பு என்றும் இரண்டாவதை அப்படியே இன்ஸ்டிடியூஷன் என்றும் எழுதிவிடுகிறேன். தமிழ்ப் பற்றாளர்கள் மன்னிக்கவும்.

ஒன்றுபோல் இருப்பதைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது என்று நினைப்பது

இதைத்தான் என்னால் இன்னும் எரிச்சல் இல்லாமல் பேச முடியவில்லை.

1977-ல் ஹன்னன், ஃப்ரீமன் என்ற இரு ஆய்வாளர்கள், அமைப்புகளில் ஏன் இத்தனை வகைகள் என்று கேட்டார்கள். 1983-ல் டிமாஜியோவும் பவலும் கேள்வியைத் திருப்பிப் போட்டு, ஏன் இவை ஒன்றைப்போல் ஒன்று ஆகிவிடுகின்றன என்று கேட்டு மூன்று வழிகளைச் சொன்னார்கள். அரசு, சட்டம், தான் சார்ந்திருக்கும் வேறு அமைப்பு ஆகியவை தரும் அழுத்தம் ஒன்று. எது சரி என்று தெரியாத நேரத்தில் அடுத்தவரைப் பார்த்துச் செய்வது இன்னொன்று. ஒரே படிப்பும் ஒரே தொழில்வட்டமும் உள்ளவர்கள் எங்கே வேலைக்குப் போனாலும் ஒரே விதமாக யோசிப்பது மூன்றாவது. படித்தவுடன் ஊரெல்லாம் இதுவே நடப்பதுபோலத் தெரியும், வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் பார்த்த அமைப்புகள் எல்லாவற்றிலும் ஊழியர் செயல்திறனை மதிப்பிட ஒரே மாதிரியான முறை வந்திருந்தது. பேட்டிகளில் மூன்று பேர் “மற்றவர்கள் செய்தார்கள், நாங்களும் செய்தோம்” என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்துச் செய்தல், சரி, கோட்பாடு கிடைத்துவிட்டது! அத்தியாயத்தை எழுதிக்கொண்டு போய் நின்றபோது மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர் நிதானமாக, “இந்தக் கோட்பாடு தவறாக இருந்திருந்தால் உங்கள் தரவு வேறு எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

யோசித்துப் பாருங்கள். அந்த அமைப்புகள் அளவிலும் தொழில்நுட்பத்திலும் ஒத்தவை என்றால், சூழலுக்குப் பொருந்தும் கட்டமைப்பே அமையும் என்று 1960-களிலிருந்தே சொல்லிவரும் கண்டிஞ்சன்ஸி கோட்பாடே அந்த ஒற்றுமையை விளக்கிவிடும். எல்லோருக்கும் பணம் தருபவர் ஒருவரே என்றால் ஃபெஃபரும் சலான்சிக்கும் 1978-ல் சொன்ன வளச் சார்பு, அதாவது வளம் தருபவர் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்ற விளக்கம், போதும். அந்த முறைக்கு மாறாதவை மூடப்பட்டுப் போயிருந்தால் விளக்கம், பொருந்தாதவற்றைச் சூழலே கழித்துவிடுகிறது என்ற ஹன்னன்–ஃப்ரீமன் பக்கம் போய்விடும், நானோ பிழைத்திருந்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எந்த அமைப்பு எந்த ஆண்டில் அந்த முறைக்கு மாறியது என்ற அடிப்படைத் தகவல்கூட என் கையில் இல்லை.

அந்த ஆண்டுக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு டோல்பர்ட்டும் ஸக்கரும் 1983-ல் எழுதிய ஆய்வைப் பாருங்கள். 1880 முதல் 1935 வரை அமெரிக்க நகரங்களில் அரசுப் பணி நியமனச் சீர்திருத்தம் பரவியதை எடுத்துக்கொண்டார்கள். மாநிலமே கட்டாயமாக்கிய இடங்களில் அது மளமளவென்று பரவியது. கட்டாயம் இல்லாத இடங்களில் முதலில் ஏற்றுக்கொண்டது எந்த நகரம் என்பதை அந்தந்த நகரத்தின் தன்மைகளை வைத்தே ஓரளவு விளக்க முடிந்தது, பிற்பாடு ஏற்றவற்றில் அந்தத் தொடர்பு தேய்ந்துபோனது, ஏனென்றால் அதற்குள் அந்தச் சீர்திருத்தம் இருந்தால்தான் ஒழுங்கான நகராட்சி என்றாகிவிட்டது. ஆண்டுகள் தெரியாமல் இதில் ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது.

எனக்கு எட்டு மாதம் போனது. பழைய கோப்புகளுக்காக மறுபடி அலைந்தேன், பேட்டி கொடுத்தவர்களில் பாதிப் பேர் வேலை மாறியிருந்தார்கள். கடைசியில் பார்த்தால், “நாங்களும் செய்தோம்” என்ற மூவரில் இருவருடைய அமைப்புகளுக்கு, நிதி தருபவரின் நிபந்தனைக் கடிதம் அதற்கு முந்தைய வருடமே வந்திருக்கிறது. மனிதர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் நினைவிருந்தது.

“இந்தக் கோட்பாட்டை ஒரு லென்ஸாகப் பயன்படுத்துகிறேன்” என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள், நானும் அதைச் சொல்லிப் பார்த்தவன்தான். களத்துக்குப் போகும் முன் ஒரு தாளில் இரண்டு போட்டிக் கோட்பாடுகளை எழுதி, ஒவ்வொன்றும் சரியென்றால் எதைப் பார்ப்பீர்கள், எந்த ஆவணம் இரண்டையும் பிரித்துக் காட்டும் என்று குறியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பதில் வருகிற கேள்வியை அடித்துவிடுங்கள்.

‘இலட்சிய வகை’

சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் அதிகாரவர்க்க நிர்வாகத்தை விவரிக்கக் கையாண்ட ஐடியல் டைப்பை இப்படி மொழிபெயர்த்தால், அதிகாரவர்க்கம்தான் அவருடைய இலட்சியம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அவர் சொன்னது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில கூறுகளை அழுத்தி வரைந்த ஒரு வடிவம். தூய வகை என்று எழுதலாம்.

‘இரும்புக் கூண்டு’

மனிதரை அடைத்துவைக்கும் நவீன ஒழுங்கைப் பற்றி வெபர் எழுதியதற்கு, 1930-ல் அவரை மொழிபெயர்த்த பார்சன்ஸ் ஆங்கிலத்தில் போட்ட சொல். வெபரின் ஜெர்மன் தொடருக்கு எஃகுபோல் இறுகிய ஓடு என்பதுதான் நெருக்கம்.

அம்புக்குறிப் படம்

பெட்டிகளை அம்புகளால் இணைத்துவிட்டால் மட்டும் அது கோட்பாடு ஆகாது.

ஒரே அமைப்பை வைத்துக்கொண்டு அமைப்புச் சூழலியல் பேசுவது

வேண்டாம். ஹன்னன்–ஃப்ரீமன் வழியில் வந்த அது, ஒரே வகை அமைப்புகள் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பிறப்பு, இறப்புக் கணக்கு.

ஒரே ஆய்வில் நான்கு கோட்பாடுகள்

எண்ணிக்கையைவிட, ஒவ்வொன்றும் மனிதரை எப்படிப்பட்டவர் என்று எடுத்துக்கொள்கிறது என்பதுதான் சிக்கல். உரிமையாளருக்காக வேலை பார்க்கும் மேலாளரைப் பற்றி ஜென்சனும் மெக்லிங்கும் 1976-ல் எழுதிய ஏஜென்சி கோட்பாட்டில் இருப்பவர் தன் லாபத்தைக் கணக்குப் பார்ப்பவர். மேயரும் ரோவனும் அடுத்த ஆண்டே எழுதியதில், ஊர் ஏற்கும் வடிவத்தை வெளியே காட்டிவிட்டு உள்ளே வேலையை வேறு விதமாக நடத்தும் அமைப்புகள் வருகின்றன. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால், உங்கள் மேலாளர் முதல் வாக்கியத்தில் கணக்குப் பார்ப்பார், இரண்டாவதில் சடங்கு செய்வார், எப்போது ஏன் மாறினார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். நான் படித்த வரைவுகளில் ஒன்றில் அந்த மேலாளர் ஒரே பக்கத்தில் மூன்று முறை மாறியிருந்தார்.