எபிடாரஸில் ஒரு நாடக இரவு: முதல் தடவை போகிறவர்களுக்கு

கிரீஸ் போய் வருகிற பலரும் எபிடாரஸ் அரங்கத்தைப் பகலில் பார்த்து, நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசு கேட்காது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் நாடகம் பார்ப்பதற்கென்றே கட்டிய இடம் அது, இன்றும் கோடையில் அங்கே நாடகம் நடக்கிறது. அவ்வளவு தூரம் போகிறவர்கள் ஓர் இரவு அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. எது எங்கே நடக்கிறது

இந்த நாடகங்கள் ஏதென்ஸ் எபிடாரஸ் விழா என்ற கலை விழாவின் பகுதி, அது 1955-இல் தொடங்கியது. வழக்கமாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடக்கும். ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் ஓடியன் என்ற பழைய இசை அரங்கம் இருக்கிறது. ஹெரோடிஸ் அட்டிகஸ் என்ற செல்வந்தர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாக கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கட்டியது. இசை, ஓபரா, நடனம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். சீரமைப்பு வேலைக்காக அது மூடியிருக்கும் காலமும் உண்டு, அதனால் நீங்கள் போகிற ஆண்டில் திறந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். எபிடாரஸ், கிரீஸின் தெற்கே உள்ள பெலோபொன்னீஸ் தீபகற்பத்தில், ஏதென்ஸிலிருந்து சாலை வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். அங்கே முக்கியமாகப் பழைய கிரேக்க நாடகங்கள்தான். ஓபரா பாடகி மரியா காலஸ் 1960-இல் நோர்மா, 1961-இல் மெடியா என்ற ஓபராக்களை அங்கே பாடியிருக்கிறார் என்றாலும், அந்த இடம் பழைய கிரேக்க நாடகாசிரியர்களான சோஃபோக்ளீஸுக்கும் யூரிப்பிடிஸுக்கும் உரியது.

2. முதலில் நாடகம், அப்புறம் விமான டிக்கெட்

இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வருத்தப்படுகிறவர்கள் நிறைய. எபிடாரஸில் பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும்தான் நாடகம். நிகழ்ச்சி நிரல் வெளியானதும் விழாவின் இணையதளத்தில் வார இறுதியைத் தேர்ந்தெடுத்து டிக்கெட் வாங்கிவிட்டு, அதைச் சுற்றிப் பயணத்தைப் போடுங்கள். நாடகம் பெரும்பாலும் நவீன கிரேக்க மொழியில் இருக்கும். ஆங்கிலத்தில் வசனங்களைத் திரையில் காட்டுவார்கள், ஆனால் அதையே படித்துக்கொண்டிருந்தால் மேடையைக் கோட்டைவிடுவீர்கள். கதையை முன்கூட்டியே படித்துக்கொண்டு போங்கள். சோஃபோக்ளீஸ் நாடகத்தின் நாயகன் ஈடிபஸுக்கு என்ன ஆகப்போகிறது என்று அந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்கும் தெரியும், தெரிந்தேதான் வந்து உட்கார்ந்தார்கள்.

3. எந்த இருக்கை

கீழே 34 வரிசை, மேலே 21 வரிசை, நடுவில் ஒரு நடைபாதை. காசு அதிகம் கொடுத்தால்தான் நன்றாகப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் மேலே உட்கார்ந்தால் ஆர்கெஸ்ட்ரா என்கிற அந்த வட்டமான மண் தரை முழுசாகத் தெரியும், கோரஸ் என்கிற, பாடி ஆடும் குழு கூடுவதும் கலைவதும் ஒரு கோலம் மாதிரி விரியும். முழங்கால் வலி இருந்தால் மட்டும் கீழ்ப்பகுதியிலேயே வாங்குங்கள், படிகள் செங்குத்து.

4. சரியான எபிடாரஸுக்குப் போங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். அந்தப் பேரில் மூன்று இடங்கள் இருக்கின்றன. கடற்கரையில் பழைய எபிடாரஸ் என்று ஒரு கிராமம், வடக்கே புதிய எபிடாரஸ் என்று இன்னொரு கிராமம். பெரிய அரங்கம் இரண்டிலும் இல்லை, உள்ளே தள்ளி லிகூரியோ ஊருக்குப் பக்கத்தில், அஸ்க்லேபியஸ் என்ற மருத்துவக் கடவுளின் புனிதத் தலத்தில் இருக்கிறது. பழைய எபிடாரஸில் சின்ன அரங்கம் ஒன்று இருப்பதால் குழப்பம் இன்னும் கூடும், அங்கேயும் விழா நிகழ்ச்சிகள் நடக்கும். நான் பேரை மட்டும் பார்த்துப் பேருந்து ஏறி, சாயங்காலம் கடற்கரையில் இறங்கி, அப்புறம் டாக்ஸி பிடித்து ஓடினேன். டிக்கெட்டில் எந்த அரங்கம் என்று போட்டிருக்கிறது என்பதை இரண்டு முறை படியுங்கள். நாடக நாட்களில் ஏதென்ஸிலிருந்து சிறப்புப் பேருந்து விடுவது வழக்கம், புதியவர்களுக்கு அதுதான் நிம்மதி. இல்லையென்றால் நாஃப்ளியோவில் அறை எடுத்துத் தங்குங்கள், அழகான துறைமுக ஊர், முக்கால் மணி நேரத்துக்குள் அரங்கத்துக்கு வந்துவிடலாம்.

5. என்ன எடுத்துப்போவது

உட்கார ஒரு சின்ன மெத்தை, தண்ணீர், மெல்லிய மேல்சட்டை. ஹீல்ஸ் செருப்புக்கு அனுமதி இல்லை, கல் சேதமாகும் என்பதுதான் காரணம்.

6. வெளிச்சம் இருக்கும்போதே போய் உட்காருங்கள்

நாடகம் இரவு 9 மணி வாக்கில் தொடங்கும். தாமதமாக வந்தால் உள்ளே விடாமல் போகலாம். ஆனால் நான் சீக்கிரம் வரச் சொல்வதற்கு அது மட்டும் காரணம் இல்லை. பகல் முழுக்க வெயில் குடித்த சுண்ணாம்புக் கல், பொழுது சாய்ந்த பிறகும் உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். இருக்கையின் முன்பக்கம் அடியில் கொஞ்சம் குடைந்திருப்பதைக் கவனியுங்கள், காலை உள்ளே இழுத்துக்கொண்டு அடுத்தவருக்கு வழிவிடுவதற்கு அது எவ்வளவு வசதி! எதிரே பழைய மேடைக் கட்டடத்தின் அடித்தளம் மட்டும்தான் மிச்சம், அதனால் அதற்குப் பின்னால் இருக்கிற மரங்களும் மலையும் இருட்டுவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். சில்வண்டுகள் கத்திக்கொண்டே இருக்கும்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் காசு விழுந்தால் கடைசி வரிசையில் தெளிவாகக் கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, அது மிகை என்று 2017-இல் சொன்னார்கள். படிப்படியான கல் வரிசைகள் தாழ்ந்த சுருதியில் வரும் இரைச்சலை அடக்குகின்றன என்று அதற்குப் பத்து ஆண்டு முன்பே இன்னோர் ஆய்வு வந்திருக்கிறது. எனக்கு இந்தக் கணக்கெல்லாம் நாடகம் தொடங்கியதும் மறந்துபோனது. மேல்வரிசையில் இருந்தேன், கீழே ஒரு பெண் வசனத்தை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்தாள், அது என் காதுக்கு வந்தது.

7. திரும்புவது

முடிந்ததும் முண்டியடிக்க வேண்டாம், கூட்டம் மெதுவாகத்தான் இறங்கும், படிகளில் வெளிச்சமும் குறைவு. பேருந்தில் வந்திருந்தால் அது நிற்கிற இடத்தை உள்ளே போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டி என்றால் திரும்பும் வழியில் லிகூரியோவில் நிறுத்திச் சாப்பிடுங்கள். நாடக இரவுகளில் அங்கே உணவகங்கள் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும், நடித்தவர்களும் அங்கேதான் சாப்பிட வருவார்கள்.