இருளர் குடும்பத்துக்குப் பழங்குடியினர் சான்றிதழ் பெற உதவுவது எப்படி?

பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் ஓரத்திலும் கடலூர் மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் வாழும் இருளர்கள், தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவையாக அடையாளம் காணப்பட்ட ஆறு பழங்குடிகளுள் ஒரு பிரிவினர். காடுகள் காப்புக்காடுகளாகி, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு பாம்புத்தோல் பிழைப்பும் நின்றுபோன பிறகு, வேட்டையும் கிழங்கும் தேனுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல, செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் வேலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டன. பிள்ளையின் மேற்படிப்பு முதல் வீட்டுத் திட்டம் வரை இவர்கள் எதைக் கேட்கப் போனாலும் முதலில் கேட்கப்படுவது சாதிச் சான்றிதழ்தான். அதைப் பெறத் துணைநிற்க விரும்பும் ஆசிரியர்களுக்காகவும் இளைஞர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 11.11.1989 முதல் பழங்குடியினர் சான்றிதழை வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடம் இல்லை. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடம்தான் உள்ளது. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என மாவட்டத்தில் மூன்று வருவாய்க் கோட்டங்கள் உள்ளன. பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைப் பகுதியினர் சிதம்பரத்தை அணுக வேண்டும். அந்தத் தேதிக்கு முன் வட்டாட்சியர் கொடுத்த பழைய சான்று செல்லும் என்பதால், தாத்தா, பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டிகளை முதலில் தேடச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதிவதற்கு முன், குடும்ப வழிப்பட்டியல் ஒன்றைத் தயாரிப்பதுதான் உண்மையான வேலை. கணவன், மனைவி இருவரின் பெற்றோர், உடன்பிறந்தார், அவர்கள் இப்போது குடியிருக்கும் ஊர், அவர்களுள் யாரிடம் சான்றிதழ் இருக்கிறது, அதன் எண், தேதி ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். பெண் கொடுத்தும் எடுத்தும் உறவுகள் விழுப்புரம், செங்கல்பட்டு வரை பரவியிருக்கும். தந்தைவழி உறவினர் ஒருவரிடம் சான்றிதழ் இருந்தால் விசாரணை பாதி முடிந்த மாதிரி. சூளைக்குப் போன குடும்பங்கள் மழைக்காலத்தில்தான் ஊரில் இருக்கும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களே இதற்கு ஏற்றவை. பள்ளிப் பதிவேட்டில் சாதி எப்படி எழுதப்பட்டுள்ளது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சேர்க்கையின்போது யாரோ வேறு சாதியை எழுதிவைத்திருந்தால், பின்னாளில் அதுவே நிராகரிப்புக்குக் காரணமாகிவிடும்.

நேரடி விசாரணைதான் மனம் நோகும் இடம். பாம்பு பிடித்துக் காட்டு, எலி பிடித்துக் காட்டு என்று விண்ணப்பித்தவர்களிடம் கேட்பது இன்னும் ஒழியவில்லை. கல்லூரிக்குப் போக நிற்கும் பெண்ணிடம் இப்படிக் கேட்பது அவமதிப்பு என்றே நான் கருதுகிறேன். சட்டமும் இதைக் கோரவில்லை. தெய்வம், சடங்கு, திருமண முறை, ஈமச் சடங்கு ஆகியவற்றை விசாரிக்கலாம் என்று பழங்குடியினர் சான்றிதழ் பற்றிய மாதுரி பாட்டீல் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான். ஆனால் இத்தகைய மரபு ஒப்பீட்டை மட்டுமே உரைகல்லாகக் கொள்ள முடியாது என்று அதே நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்திவிட்டது.

ஆகவே வாழ்முறை பற்றிய விவரங்களை நீங்களே முன்கூட்டி எழுதி, விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். கன்னியம்மன் வழிபாடு, மாசி மகத்துக்கு மாமல்லபுரக் கடற்கரையில் கூடுவது ஆகியவற்றைக் குறிப்பிடலாம். தொழிலைப் பற்றி எழுதும்போது பொதுவாக எழுதாமல் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: கிள்ளைப் பக்கத்து வாய்க்கால்களில் பெண்களும் ஆண்களும் கழுத்தளவு தண்ணீரில் அமர்ந்து நகர்ந்தபடி, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறியில் (சிறு கூடையில்) போடுகிறார்கள். வலையோ படகோ இல்லாத இந்தத் தொழிலை அருகில் நின்று பார்த்தவர் எழுதிய அரைப்பக்கம், வெறும் உறுதிமொழித் தாளைவிட வலுவானது. எழுதியதைக் குடும்பத்தாரிடம் உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் ஒப்புக்கொண்டதை மட்டும் சேருங்கள்.

ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்தத் தாளையும் கொடுக்காதீர்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். கோப்பு யாரிடம் நிற்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வாய்மொழியாக மறுத்தால், காரணத்தையும் மேல்முறையீடு செய்ய வேண்டிய அதிகாரியையும் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வ ஆணை கேளுங்கள்.

புதுச்சேரியில் நிலைமை வேறு. வில்லி, வேட்டைக்காரன் என்னும் பெயர்களையும் உள்ளடக்கி, இருளர் அங்கே பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றதே 2016 டிசம்பரில்தான். இரு பட்டியல்களும் தனித்தனியானவை என்பதால், எல்லை தாண்டி மணம் முடித்த குடும்பங்கள் எந்தப் பக்கம் விண்ணப்பிப்பது என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சான்றிதழ் கிடைத்ததும் அதன் நகலை வைத்து, உடன்பிறந்தார் பிள்ளைகள் எல்லோருக்கும் தாமதமின்றி விண்ணப்பித்துவிடுங்கள். பழங்குடியினர் நல வாரியத்தில் பதிவதும் வன உரிமைச் சட்டம், 2006இன் கீழ் காட்டில் தங்களுக்குள்ள உரிமைகளைக் கோருவதும் அடுத்த வேலைகள். அச்சட்டத்தில் பழங்குடியல்லாத வனவாசிகள் 75 ஆண்டுக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும், பழங்குடியினருக்கு 13.12.2005க்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்துவருவது போதும். நீர்நிலைகளில் மீன் பிடிக்கும் உரிமையும் அதில் அடங்கும் என்பதால், இறால் தடவும் குடும்பங்களிடம் இதை விளக்கமாகச் சொல்லுங்கள்.